பீரோவில் உன் ஃபைல் இல்லை

ஃபைலைத் தேடாதே. பீரோவின் மேல்தட்டில், என் பட்டுப்புடவைகளுக்கு அடியில், ஞாயிற்றுக்கிழமை நீயே வைத்துவிட்டுப் போன இடத்தில் இப்போது இந்தக் கடிதம்தான் இருக்கிறது. புடவைகளைக் கலைத்துப் போடாமல் உட்கார்ந்து படி. உன் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து எம்.பி.ஏ. பட்டம்வரை எதற்கும் ஒன்றும் ஆகவில்லை. எங்கே இருக்கிறது என்று கடைசியில் சொல்கிறேன். எதைக் கையில் எடுத்தாலும் கடைசிப் பக்கத்துக்குத் தாவுகிறவன் நீ. தாவிக்கொள். இடம் தெரிந்துவிடும், ஆனால் ஃபைல் கைக்கு வராது. அதற்கு நடுவில் உள்ளதையும் படிக்க வேண்டும். போன் செய்தும் பயனில்லை. நானும் அப்பாவும் உன் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போயிருக்கிறோம். போனை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போகிறேன். மேசையில் மணி அடித்தால் அது நீதான்.

கல்யாணத்துக்கு முன்னால் பிள்ளைக்குப் புத்தி சொல்வது வழக்கம். பெண்டாட்டியை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று உன் சித்தப்பா, மாமா எல்லாரும் வரிசையில் வந்து சொல்வார்கள். எனக்கு அது தெரியாது. வேலையைப் பற்றித்தான் ஏதோ கொஞ்சம் தெரியும். நீயேகூடக் கேட்டாய். பழைய மல்லிப்பூ கலர் சட்டையில், இதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "புது ஆஸ்பத்திரியில பேக்கேஜ் பேசணும்மா. இத்தனை வருஷம் வேலை பார்த்திருக்கியே, ஏதாவது டிப்ஸ் குடேன்" என்றாய். "பேசி வாங்குனவங்ககிட்ட போய்க் கேளுடா. நான் குடுத்ததை வாங்குனவ" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். அன்றைக்குச் சொல்லாததை இப்போது எழுதுகிறேன். முதலில் நீ படி. பிறகு உன்னுடையதைப் போன்ற நாற்காலிகளில் உட்காருகிற யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். மற்றவர்களின் பெயரை மாற்றியிருக்கிறேன். உன் பெயரைப் போடவே இல்லை. அது மரியாதையால் அல்ல.

நான் எம்.எஸ்சி., எம்.ஃபில். முடித்துக் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுக்க அந்த இன்ஜினியரிங் கல்லூரியில் சேர்ந்தபோது உனக்கு நடக்க வந்திருக்கவில்லை. தாளாளர் நல்ல வெள்ளை வேட்டியில் எழுந்து நின்று கும்பிட்டார். "இனிமே நீங்க நம்ம வீட்டுப் பொண்ணும்மா" என்றார். அதே மூச்சில், "ஒரிஜினல்ஸ் எல்லாம் ஆபீஸ்ல குடுத்துடுங்க, பத்திரமா இருக்கும்" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்பா இல்லாமல் வளர்ந்த பெண், ஒருவர் மகள் என்று சொன்னால் சம்பளம் எவ்வளவு என்று எப்படிக் கேட்பாள்? கேட்கவில்லை. முதல் மாதம் கையில் வந்த பிறகுதான் எவ்வளவு என்று தெரிந்தது. இதை எழுதிவைத்துக்கொள்: வேலைக்குச் சேர்கிற இடத்தில் யாராவது உன்னை வீட்டுப் பிள்ளை என்று சொன்னால், அந்த வீட்டின் பத்திரத்தில் உன் பெயர் எங்கே என்று கேள். சிரிப்பார்கள். சிரிக்கும்போதே சம்பளத்தைப் பேசி முடித்துவிடு.

கோடை விடுமுறை என்றால் உனக்குப் பாட்டி ஊர் ஞாபகம் வரும். எனக்குப் படப்பை ஞாபகம் வருகிறது. பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் முகவரிகளைக் கொடுத்து, ஆளுக்கு இத்தனை பேரைச் சேர்த்துவிட வேண்டும் என்று எங்களை வெயிலில் அனுப்புவார்கள். நானும் ஃபிசிக்ஸ் மேடமும் குடை பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போவோம். ஒரு வீட்டில் பனியன் போட்ட ஒரு மனிதர் நாங்கள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "நல்லா சொன்னீங்க மேடம். நீங்க இன்னா வாங்குறீங்க மாசம்?" என்று கேட்டார். நான் வாங்காத ஒரு தொகையைச் சொன்னேன். உள்ளேயிருந்து அவர் மனைவி, "இதுக்கா இந்த வெயில்ல சுத்திக்கினு கீறீங்க?" என்று கேட்டபடி மோர் கொண்டுவந்தாள். "பெரியவன் ஒரகடத்துக்கு வேன் ஓட்றான் மேடம். இதவிட மேலயே வருது. சின்னவனையும் அதுக்கே வுட்டுடறேன், கோச்சிக்காதீங்க" என்றார் அவர். நான் சொன்ன பொய்யே அவருக்குப் பரிதாபமாக இருந்தது. மோரைக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனோம். சீட்டு நிரம்பாத வருடங்களில் அந்தக் கோடைக்குச் சம்பளம் கிடையாது. "நம்ம வீட்ல கஷ்டம்னா எல்லாரும்தானேம்மா தாங்கிக்கணும்" என்பார் தாளாளர். சீட்டு நிரம்பிய வருடத்தில் அவர் புதுக் கார் வாங்கினார். நம் வீட்டுக் கார், ஏறிக்கொள் என்று என்னை யாரும் கூப்பிடவில்லை.

வெள்ளம் வந்த வருடம் உனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். முடிச்சூரில் நம் தெருவில் தண்ணீர் ஏறியபோது நான் முதலில் தூக்கியது உன்னை அல்ல, உனக்கு நடக்கத் தெரியும். உன் சான்றிதழ்கள், அப்பாவின் சான்றிதழ்கள், வீட்டுப் பத்திரம் எல்லாவற்றையும் ஒரு குக்கர் அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டிப் பரணில் ஏற்றினேன். ஃபிரிட்ஜ் போயிற்று, கட்டில் போயிற்று, உன் சைக்கிள் யார் வீட்டுக் காம்பவுண்டிலோ கிடந்தது. காகிதம் ஒன்றுகூட நனையவில்லை. என்னுடையது மட்டும் நனைந்தது. ஏனென்றால் அது பத்திரமாக இருந்தது. கல்லூரி ஆபீஸ் தரைத்தளத்தில் இருந்தது. பீரோவின் அடித்தட்டில் எங்கள் பட்டங்கள் இரண்டு நாள் தண்ணீரில் ஊறின. வெயிலில் காயப்போட்டிருந்தார்கள், அப்பளம் மாதிரி. எம்.ஃபில். பட்டத்தில் என் பெயர் இருந்த இடத்தில் நீலமாக ஒரு கறை இருந்தது. "டூப்ளிகேட் அப்ளை பண்ணிக்கோங்கம்மா" என்றார் தாளாளர். அப்போதும் அந்தக் கறையை என்னிடம் தரவில்லை. காயவைத்து, மறுபடி பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். ஏன் கேட்டு வாங்கவில்லை என்று நீ கேட்கலாம். கேட்டேன். "வேற எங்கயாவது இன்டர்வியூவாம்மா?" என்றார். இல்லை என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனேன்.

அப்பாவின் கதையை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நீ அதைப் பெண் வீட்டாரிடம் வேறு மாதிரி சொல்லியிருப்பதால் ஒருமுறை சரியாகச் சொல்லிவிடுகிறேன். அவரைக் கம்பெனியில் பெர்மனன்ட் ஆக்கிய அன்று தாம்பரம் மார்க்கெட்டில் ஜாங்கிரி வாங்கி, தெரு முழுக்கக் கொடுத்தார். பெர்மனன்ட் என்ற ஒரு சொல்லை நம்பி முடிச்சூரில் மனை வாங்கினார். அது ஏரித் தண்ணீர் வருகிற வழி என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், விற்றவனுக்கும் தெரியும். வெள்ளத்தின்போது பக்கத்து வீட்டு மாடியில் நம்மை விட்டுவிட்டு, தண்ணீர் இடுப்புக்கு இறங்கியதும் கம்பெனி பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தே போனார். "லைன் நிக்கக் கூடாதுடி, என்னை நம்பி இருக்கானுங்க" என்றார். அவர் கம்பெனிக்குள் நுழைந்த அன்று அங்கே வந்திருந்தவர்களுக்குப் பிரியாணி போட்டார்களாம். பிறகு ஒரு நாள் கம்பெனியின் உற்பத்தி லைனே நின்றது. ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு, கணக்கு முடித்த கவரைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கி அனுப்பினார்கள். அன்று மாலை அப்பா வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். "ஒரு சின்னப் பையன்டி. எச்.ஆராம். அண்ணா அண்ணான்னு கூப்பிடறான். டிஷ்யூ பேப்பர் டப்பாவ என் பக்கம் தள்றான். நான் அழவே இல்லடி. நான் அழறதுக்கு முன்னாடியே தள்றான்" என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். கவரில் எவ்வளவு இருந்தது என்பதைக்கூட அவர் பேசவில்லை. அந்த டப்பாவைத்தான் பேசினார்.

இப்போது அவர் மேடவாக்கத்தில் ஒரு அபார்ட்மென்ட் கேட்டில் உட்கார்ந்து தண்ணீர் லாரிகளை எண்ணுகிறார். நீ பெண் வீட்டில் 'ஃபெசிலிட்டி மேனேஜர்' என்று சொல்லியிருக்கிறாய். பத்திரிகை அடிக்கும்போது உன் பெயருக்குப் பின்னால் பி.இ., எம்.பி.ஏ. போட்டாய், என் பெயருக்குப் பின்னால் அந்த நீலக் கறையையும் போட்டாய், அவர் பெயருக்குப் பின்னால் எதுவும் போடவில்லை. அவர் புரூஃபைப் பார்த்துவிட்டு, "எழுத்துப் பிழை ஒண்ணும் இல்ல" என்று மட்டும் சொன்னார். வேலைக்குப் பாதுகாப்பு என்று ஒன்று உண்டா என்று கேட்டால் இதுதான் என் பதில். பெர்மனன்ட் என்பது அவர்கள் சொல்லும்வரை பெர்மனன்ட். உன் கையில் இருக்கும் காகிதமும், வேறு இடத்துக்கு எழுந்து போக முடிகிற காலும்தான் பாதுகாப்பு. அதனால்தான் அவர்கள் முதல் நாளே காகிதத்தை வாங்கிக்கொள்கிறார்கள். காலை ஒடித்துவிட்டு உட்கார நாற்காலி கொடுக்கிற மாதிரி.

அந்த மண்டபத்துக்குப் பிறகு நீ எச்.ஆர். படிக்கப் போகிறேன் என்றாய். இன்ஜினியரிங் முடித்திருந்தாய். "அப்பாவுக்கு நடந்த மாதிரி இனிமே யாருக்கும் நடக்கக் கூடாதும்மா. வெளிய நின்னு கத்தி ஒண்ணும் ஆகாது. உள்ள போய் மாத்தணும்" என்றாய். நீ நடிக்கவில்லை, உண்மையாகத்தான் சொன்னாய். அதை நம்பி நான் என் கழுத்தில் இருந்ததைக் கழற்றி ஃபீஸ் கட்டினேன். உள்ளே போனாய். வேளச்சேரி சாலையில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் ஜூனியர் எக்சிக்யூட்டிவாகச் சேர்ந்த அன்று இதே பீரோவிலிருந்து ஃபைலை எடுத்தாய். "குடுக்காதடா" என்றேன். "ஃபார்மாலிட்டிம்மா, எல்லாருமே குடுக்கறாங்க" என்றாய். "ஒருத்தரோட ஒரிஜினல பூட்டி வெக்கறது செல்லாதுன்னு நீதானே படிச்சிட்டு வந்து சொன்ன?" என்று கேட்டேன். "படிக்கறது வேறம்மா" என்று சொல்லி ஷூ லேஸைக் கட்டினாய். ஆறு மாதத்தில் அந்தப் பீரோவின் சாவி உன் இடுப்பில் தொங்கியது. சாவிக் கொத்தை ஆட்டிக்கொண்டு வந்து எனக்குக் காட்டினாய், பிரமோஷன் என்று.

நேரத்தைப் பற்றியும் நீ நிறையப் பேசுகிறாய். வேலை வேறு, வாழ்க்கை வேறு என்று உன் வருங்கால மனைவியிடம் போனில் விளக்கிக்கொண்டிருந்தாய். ஏழு மணிக்கு மேல் ஆபீஸ் போனை எடுக்க மாட்டாய், ஞாயிறு உனக்கும் அவளுக்கும் மட்டும். நல்லது. எனக்கு ஒன்றுதான் கேட்கத் தோன்றியது. நீ ஏழு மணிக்குப் போனை அணைப்பதற்காக யார் ஏழு மணிக்கு வார்டுக்குள் போகிறாள்? நர்ஸ் ஒருத்தி வரவில்லை என்றால் இருக்கிற ஒருத்தியை அடுத்த ஷிப்டுக்கும் நிறுத்திவைக்கிற மெசேஜை நீதான் அனுப்புகிறாய். ஆறு ஐம்பத்தைந்துக்கு அனுப்பிவிட்டு அணைத்துவிடுகிறாய். நர்ஸ் தினத்துக்கு நீங்கள் வெட்டிய கேக்கின் போட்டோவை எனக்கு அனுப்பினாய். பின்வரிசையில் ஒரு பெண் நின்றுகொண்டே கண் மூடியிருந்தாள். கொட்டாவி என்று நினைத்தேன். அவள்தான் சுகன்யா என்று அப்போது எனக்குத் தெரியாது.

சுகன்யாவின் அம்மா அஞ்சலையை உனக்கு நன்றாகத் தெரியும். கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து பஸ் மாறி வந்து முடிச்சூர் சாலையில் மீன் விற்கிறவள். உனக்கு முள் குத்தும் என்று வஞ்சிரம் நடுத்துண்டாகப் பார்த்து எடுத்துவைப்பாள். போன வாரம் கூடையோடு நம் வீட்டுக்கே வந்தாள். உள்ளே வரச் சொன்னால் வர மாட்டாள், மீன் வாடை என்பாள். அன்று வந்தாள். ஒரு முழு வஞ்சிரத்தை எடுத்துக்கொண்டு நேராகச் சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் கழுவும் தொட்டியில் போட்டாள். நான் கேட்கவில்லையே என்றேன்.

"துட்டு வாணாம் டீச்சரம்மா. ஒரு வேலையா வந்தேன். நம்ம தம்பி தானே அந்த ஆஸ்பத்திரில ஆபீசரா கீது?"

மகளுக்கு வெளிநாட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கிறதாம். இந்த வெள்ளிக்கிழமைக்குள், உங்கள் பீரோவில் பூட்டி வைத்திருக்கும் ஒரிஜினல்களை ஏஜென்சியில் காட்டியாக வேண்டுமாம். இரண்டு வருடம் வேலையை விட்டுப் போகக் கூடாது என்ற பாண்டு முடிந்துவிட்டது. ஆனால் ஐ.சி.யூ. ட்ரெயினிங் என்று அனுப்பினீர்களே, அன்று ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினீர்களே, அது புது பாண்டாம். அன்றிலிருந்து மறுபடி இரண்டு வருடம். இல்லாவிட்டால் பணத்தைக் கட்ட வேண்டும். "அவ்ளோ துட்டுக்கு எங்கூட்டுக்காரரு படகையே வித்தாலும் பத்தாது டீச்சரம்மா. பொண்ணு ரெண்டு நாளா சோறு துன்னாம கீது. நீ ஒரு வார்த்தை சொன்னா தம்பி தட்டாது. எத்தினி மீனு துன்ன புள்ள, என் கையால!"

நான் உனக்குப் போன் செய்தேன். ஸ்பீக்கரில் போட்டது தற்செயல் அல்ல. நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். நீ நல்லபடியாக ஒன்றைச் சொல்வாய், அதை அவளே கேட்கட்டும் என்றுதான் போட்டேன். என் மகனைப் பற்றி எனக்கு இருந்த கடைசி அசட்டுத்தனம் அது. நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஐயோ, உன்கிட்டயும் வந்துட்டாங்களா? இவங்களுக்கெல்லாம் இதே பொழப்புமா. முதல்ல பொண்ணு வந்து அழும். அப்புறம் அம்மாவ அனுப்பும். அழுதா குடுத்துடுவோம்னு நினைப்பு. ஒருத்திக்குக் குடுத்தா நாளைக்கு நாப்பது பேரு கிளம்பிடுவாளுங்க. வார்ட யாரு பாக்கறது? பாலிசிமா இது. சாவி என்கிட்ட இல்லன்னு சொல்லி அனுப்பிடு."

"சாவி உன்கிட்ட இல்லையா?"

"இருக்கு. அதுக்காக?"

அப்புறம் சிரித்தாய். "மீன் குடுத்தாங்களா? வாங்கிக்க. வறுத்து வை, ஞாயித்துக்கிழமை வரேன்" என்றாய். நான் போனை வைத்தேன். அஞ்சலை எழுந்து சமையலறைக்குப் போனாள். தொட்டியிலிருந்து வஞ்சிரத்தை எடுத்து, தண்ணீரை உதறி, கூடையில் போட்டு, ஈரத்துணியால் மூடினாள்.

"தப்பா நெனச்சிக்காத டீச்சரம்மா. வேலை ஆவல, எடுத்துக்கினு போறேன். இத வித்தா வண்டிக் காசாவது தேறும்." படியில் இறங்கும்போது திரும்பிப் பார்த்து, "தம்பி கொரலு நல்லா கம்பீரமா ஆயிடுச்சி" என்றாள். குத்திக் காட்டினாளா, மெய்யாகவே சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ வந்தாய். மீன் இல்லையா என்று கேட்டாய். பையிலிருந்து உன் ஃபைலை எடுத்து மேசையில் போட்டாய். புது ஆஸ்பத்திரி, ஓ.எம்.ஆர். சாலையில், பெரிய குரூப். வருகிற திங்கட்கிழமை சேர வேண்டும். சேருகிற அன்று ஒரிஜினலைப் பார்த்துவிட்டு உடனே திருப்பிக் கொடுத்துவிடுவார்களாம், மேனேஜர் லெவலுக்கு அங்கே பூட்டி வைக்கிற வழக்கம் இல்லையாம். நர்சுகளுடையதை என்ன செய்வார்கள் என்று கேட்டேன். "அது வேறம்மா" என்றாய். உன்னுடையதை எப்படித் தந்தார்கள் என்று கேட்டேன்.

"யாரு தரணும்? எம்.டி. ஊர்ல இல்ல. சாவி நம்ம கையில. ரெண்டு நிமிஷ வேலை."

"சுகன்யாவோடதும் அங்கதான் இருந்துச்சா?"

"என்னோடதுக்கு மேலயே இருந்துச்சு. தூக்கி அந்தப் பக்கம் வெச்சுட்டு எடுத்தேன்" என்றாய். சாதாரணமாகத்தான் சொன்னாய். அதற்குள் சாம்பாரில் உப்புக் குறைவு என்றும் சொன்னாய். போகும்போது, புதன்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று ஃபைலை என் பீரோவில் வைத்தாய்.

நான் பேசுகிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். ஆனால் நீ போன பிறகு வெகுநேரம் ஒன்றை மட்டும் யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த மண்டபத்தில் டிஷ்யூ டப்பாவைத் தள்ளிய பையனை இத்தனை வருடமாக நான் திட்டியிருக்கிறேன். அவனுக்குக் கையில் எதுவும் இல்லை. யாரோ எழுதிய கவர், யாரோ எடுத்த முடிவு. அவனிடம் ஒரு டப்பாதான் இருந்தது, அதைத் தள்ளினான். உன்னிடம் சாவி இருந்தது. பீரோ திறந்திருந்தது. அவள் ஃபைலைக் கையில் தூக்கினாய். அந்தப் பையனிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவன் உன்னைவிட நல்லவன்.

சுகன்யாவின் ஃபைலைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று நீ சொல்லப்போவது எனக்குத் தெரியும். உன் கடைசி நாள் சனிக்கிழமை. ரிலீவிங் லெட்டரை நிறுத்திவைப்பார்கள். புது இடத்துக்குப் போன் போட்டு உன்னைப் பற்றி ஏதாவது சொல்வார்கள். கல்யாணம் நெருங்குகிற நேரத்தில் கையில் வேலை இல்லாமல் நிற்பாய். பெண் வீட்டார் என்ன நினைப்பார்கள்? இதெல்லாம் நடக்காது என்று நான் சொல்ல மாட்டேன். நடக்கலாம். அப்படி நடந்தால் அப்பாவோடு போய்க் கொஞ்ச நாள் லாரி எண்ணு. அவர் உனக்கு டிஷ்யூ கொடுக்க மாட்டார், டீ வாங்கித் தருவார். என்னிடம் நீ கேட்ட டிப்ஸ் இவ்வளவுதான். எந்த வேலையிலும் உனக்கு ஒரு சாவி கொடுப்பார்கள், சம்பளத்தோடு சேர்த்து. சம்பளம் எவ்வளவு என்று பேரம் பேசுவதற்கு முன்னால் அந்தச் சாவி யாருடையதைப் பூட்டுகிறது என்று பார். பேரம் அதற்கும் சேர்த்துத்தான்.

இனி உன் ஃபைல். நேற்று முடிச்சூர் சாலையில் அஞ்சலை கடை விரிக்கும் நேரத்துக்குப் போனேன். பையைக் கொடுத்தேன். என்ன என்று சொன்னதும் கையை இழுத்துக்கொண்டாள்.

"இன்னா டீச்சரம்மா, புள்ள படிப்பத் தூக்கி என் கையில குடுக்குற? எனுக்கு பயமா கீது."

"பத்திரமா வெச்சிரு அஞ்சலை."

"மீனு நாத்தம் புடிச்சிக்கும்."

"புடிக்கட்டும்."

ஐஸ் கட்டுகிற பாலிதீன் கவர் ஒன்றை உதறி, அதில் வைத்து இரண்டு முடிச்சுப் போட்டாள். கூடைக்கு அடியில் செருகினாள். பிறகும் அவளுக்கு மனம் ஆறவில்லை. "தம்பி வந்து கத்துச்சின்னா நான் இன்னா பண்றது?" என்று கேட்டாள். "கத்துனா கேட்டுக்க. அழுதாலும் குடுக்காத" என்றேன். அவளுக்கு முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. உடனே வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள். என்ன இருந்தாலும் நான் பெற்றவள் அல்லவா, என் முன்னால் சிரிக்கக் கூடாது என்று நினைத்திருப்பாள்.

இன்று புதன். சுகன்யாவுக்கு வெள்ளிக்கிழமை கெடு, உனக்குத் திங்கட்கிழமை. சாவி சனிக்கிழமைவரை உன்னிடம் இருக்கிறது. பத்திரிகையில் உன் பெயருக்குப் பக்கத்தில் எம்.பி.ஏ. என்று அச்சாகிவிட்டது. அந்தப் பட்டம் இப்போது ஒரு குப்பத்தில், மீன்வலைக்குப் பக்கத்தில் எங்கேயோ தொங்கிக்கொண்டிருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போ. பீரோவைத் திற. இரண்டு நிமிட வேலை என்று நீயே சொன்னாய். சுகன்யாவின் ஃபைலை எடுத்துக்கொண்டு கோவளம் பஸ்ஸில் ஏறு. இறங்கி, மீன் விற்கிற அஞ்சலையின் நிஜப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யார் வேண்டுமானாலும் வீட்டைக் காட்டுவார்கள். அவள் கையில் அதைக் கொடு. உன்னுடையதைத் தருவாள்.

வெறுங்கையோடு போகாதே. போனால் உட்காரச் சொல்வாள், மீன் குழம்பும் சோறும் போடுவாள், அது அவள் குணம். ஃபைலைக் கேட்டால் மட்டும், சாவி தன்னிடம் இல்லை என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

அம்மா